நிற்க வேண்டிய நேரத்தில் நிற்குமா? – மாடல் படகில் ஸ்பிரிங்கா, சர்க்யூட்டா?



ஓர் இயந்திரத்தை எப்படி ஓட வைப்பது என்று மூன்று வருஷம் படிக்கிறோம். அது கெட்டுப் போகும்போது எப்படிக் கெட்டுப் போக வேண்டும் என்பதைப் பற்றிப் படிப்பது கொஞ்சம்தான். "கெட்டுப் போறதுல என்னப்பா நல்ல விதம், கெட்ட விதம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பழுதானால் ஆபத்தில்லாத பக்கமாகச் சாய்ந்து விழுகிற அமைப்புக்கு ஃபெயில்-சேஃப் என்று பெயர். மெக்கானிக்கல் பிரிவுக்காரன் ஸ்பிரிங் போடு என்பான். எலெக்ட்ரானிக்ஸ் பிரிவுக்காரன் ஐ.சி. போடு என்பான். இரண்டில் எது சரி என்பதை ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் மாடல் படகு ஒன்றை வைத்து விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

படகை ஏன் எடுத்துக்கொண்டேன்? கார் ஓடினால் ஓடிப் போய்ப் பிடிக்கலாம். விமானம் சிக்னலை இழந்தால் விழுந்தாவது தொலையும். படகு இரண்டும் செய்யாது. பேட்டரி தீரும் வரை ஓடும், நாமோ கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேலும் இது புது விளையாட்டும் அல்ல. உலகில் முதன்முதலாக ரேடியோவால் இயக்கிக் காட்டப்பட்ட ஊர்தியே ஒரு சின்னப் படகுதான். 1898-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தண்ணீர்த் தொட்டியில் விட்டு நிக்கோலா டெஸ்லா அதை இயக்கிக் காட்டினார். அதே வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. நம் நாட்டில் என்.சி.சி. கடற்பிரிவு மாணவர்களின் நௌ சைனிக் முகாமில் கப்பல் மாதிரி செய்வது ஒரு போட்டியாகவே இருக்கிறது. ஆகவே இதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம்.

விளையாட்டில் என்ன ஆபத்து?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 3 கிலோ எடையுள்ள படகு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது விநாடிக்கு சுமார் 8.3 மீட்டர். அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 104 ஜூல். மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடி உயரத்திலிருந்து, 3 கிலோ கல் ஒன்று தலையில் விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதற்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லர் கணக்கில் இல்லை. அது தனி.

நான் தங்கியிருக்கும் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து சைக்கிள் மிதித்தால் கன்னங்குறிச்சி மூக்கனேரி வந்துவிடும். சேர்வராயன் மலைத் தண்ணீர் வந்து சேருகிற ஏரி. 2010-இல் ஊர் மக்கள் கூடித் தூர்வாரியபோது, எடுத்த மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே குவித்துத் தீவுகளாக்கி மரம் நட்டார்கள். இன்று அந்தத் தீவுகளில் பறவைகள் தங்குகின்றன. இது மாதிரி ஏரியில் (உரியவர்களிடம் அனுமதி வாங்கித்தான்) படகு விடுகிறோம் என்று வையுங்கள். நடு ஏரியில் சிக்னல் போனால் படகு போய் முட்டுவது பறவைக் கூடாக இருக்கலாம், மீன் பிடிக்கிறவர் காலாக இருக்கலாம், கரையோரம் துணி துவைக்கிறவர் கையாக இருக்கலாம். "சாரிங்க, சிக்னல் கட் ஆயிடுச்சு" என்று சொன்னால் காயம் ஆறிவிடாது.

பிடி எங்கே விடுபடுகிறது?

முதலில் நோயைப் பார்ப்போம், பிறகு மருந்து.

நம் கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரின் குச்சியை நகர்த்தினால், படகில் இருக்கும் ரிசீவர் அதைத் துடிப்புகளாக மாற்றி சர்வோ மோட்டாருக்கு அனுப்புகிறது. துடிப்பின் அகலம் 1 மில்லி விநாடி என்றால் ஒரு கோடி, 2 மில்லி விநாடி என்றால் மறு கோடி, 1.5 என்றால் நடு. சாதாரண செட்டுகளில் விநாடிக்கு சுமார் 50 தடவை இந்தத் துடிப்பு வரும். சர்வோவுக்குள் இருக்கும் சின்ன பொட்டென்ஷியோமீட்டர் "நான் இப்போ எங்கே இருக்கேன்" என்று சொல்ல, துடிப்பு "நீ எங்கே இருக்கணும்" என்று சொல்ல, இரண்டும் ஒத்துப்போகும் வரை மோட்டார் சுற்றும்.

துடிப்பு நின்று போனால்? பெரும்பாலான சாதாரண சர்வோக்கள் அப்படியே நின்றுவிடும். இதுதான் வினையே! திராட்டில் முழுக்கத் திறந்திருந்தபோது சிக்னல் போனால், முழுக்கத் திறந்தபடியே நிற்கும். சர்வோ நின்றுவிட்டது, படகு நிற்கவில்லை.

பிடி விடுபடுகிற காரணங்களைப் பட்டியல் போட்டால் இப்படி வரும்:

1. டிரான்ஸ்மிட்டர் பேட்டரி தீர்வது, அல்லது படகு எல்லை தாண்டிப் போவது.
2. வேறு அலைகள் குறுக்கிட்டுத் துடிப்பு குழம்புவது.
3. படகில் இருக்கும் ரிசீவர் பேட்டரி இறங்குவது.
4. சர்வோவுக்கும் திராட்டிலுக்கும் நடுவே இருக்கும் கம்பி கழன்று போவது, சர்வோவின் பல்சக்கரம் தேய்ந்து வழுக்குவது.
5. தண்ணீர் உள்ளே புகுவது.
6. மின்சாரப் படகானால், வேகக் கட்டுப்படுத்தி எனப்படும் ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, பேட்டரி நேராக மோட்டாரோடு சேர்ந்துவிடுவது.

இந்த ஆறையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்சிக்காரர்களையும் இந்த ஆறை வைத்துத்தான் பரீட்சை செய்யப் போகிறோம்.

மெக்கானிக்கல் கட்சி

நான் மெக்கானிக்கல் என்பதால் என் வீட்டுப் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபெயில்-சேஃப் என்கிற சிந்தனையே இயந்திரவியலில் வளர்ந்ததுதான். 1854-இல் எலிஷா ஓட்டிஸ், நியூயார்க் கண்காட்சியில் லிஃப்ட் மேடை மேல் தானே ஏறி நின்றுகொண்டு, கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை விழவில்லை. கயிற்றின் இழுப்பு இருக்கும் வரை மடங்கியிருந்த ஸ்பிரிங், இழுப்பு போனதும் விரிந்து இருபுறமும் இருந்த பற்களில் மாட்டிக்கொண்டது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் செய்த முதல் ரயில் ஏர் பிரேக்கில், காற்றழுத்தம் கொடுத்தால் பிரேக் பிடிக்கும். குழாய் வெடித்தால் பிரேக்கே கிடையாது! 1872-இல் அதைத் தலைகீழாக்கினார். அழுத்தம் இருக்கும் வரை பிரேக் விட்டிருக்கும், அழுத்தம் போனால் பிடித்துக்கொள்ளும். ரயில் ஒன்றுதான், குழாய் ஒன்றுதான். மாறியது எது "ஓடு", எது "நில்" என்பதற்கான அர்த்தம் மட்டும்.

இதையே நாமக்கல்லில் லாரி பட்டறைப் பக்கம் போனால் நேரில் பார்க்கலாம். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, "ஏர் ஏறட்டும்" என்று டிரைவர் காத்திருப்பார். ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டியில், பிரேக் சேம்பருக்குள் பலமான ஸ்பிரிங் ஒன்று எப்போதும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். டேங்கில் காற்று ஏறி அந்த ஸ்பிரிங்கை அமுக்கினால்தான் சக்கரம் விடுபடும். ரோட்டில் ஹோஸ் அறுந்து காற்று இறங்கினால் ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதை இயக்க பேட்டரியும் வேண்டாம், ஒயரும் வேண்டாம்.

மாடல் படகில் இந்த வழியில் என்னென்ன செய்யலாம்?

ஆயில் என்ஜின் படகில் கார்புரேட்டர் கைக்கு ஒரு திரும்பு ஸ்பிரிங் போடலாம். கம்பி கழன்றால் ஸ்பிரிங் திராட்டிலை மூடிவிடும். படகின் உடலுக்குள் தெர்மோகோல், ஃபோம் மாதிரி தண்ணீர் உறிஞ்சாத பொருளை அடைத்து வைக்கலாம். தண்ணீர் புகுந்தாலும் மூழ்காது. இதைவிட எளிய ஃபெயில்-சேஃப் உலகத்தில் கிடையாது, இதற்குப் பழுது என்பதே கிடையாது. மின்சாரப் படகில் பேட்டரி ஒயரின் நடுவே, கையால் பிடுங்கக்கூடிய லூப் ஒன்றை மேல்தளத்துக்கு வெளியே விடலாம். படகைத் தூக்குகிறவர் முதலில் அதைப் பிடுங்கிவிட்டால், விரல் புரொப்பெல்லரில் மாட்டாது. ஃப்யூஸ் கட்டாயம் போட வேண்டும்.

இனி பரீட்சை. திரும்பு ஸ்பிரிங் மேலே சொன்ன ஆறில் எத்தனையைப் பிடிக்கும்? நாலாவதை மட்டும் அருமையாகப் பிடிக்கும். முதல் இரண்டு பழுதில், சிக்னல் போனபிறகும் சர்வோ தன் இடத்திலேயே இருக்கும். படகு பேட்டரி தீர்ந்த மூன்றாவது பழுதிலும், சர்வோவுக்குள் இருக்கும் பல்சக்கரங்களின் உராய்வை வென்று அதைப் பின்னோக்கித் தள்ளுகிற அளவு நம் ஸ்பிரிங்குக்குப் பலம் இருக்காது. பலமான ஸ்பிரிங் போடலாமே என்றால், ஓடுகிற நேரமெல்லாம் சர்வோ அதோடு மல்லுக்கட்டி பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். ஆக, ஸ்பிரிங் தன் கைக்கு எட்டிய பழுதைத்தான் பிடிக்கும். ரேடியோ அலை அறுந்தது அதற்குத் தெரியாது.

எலெக்ட்ரானிக்ஸ் கட்சி

இந்த இடத்தில்தான் என் அறை நண்பன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். அவன் எலெக்ட்ரானிக்ஸ்.

எலெக்ட்ரானிக் ஃபெயில்-சேஃப் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு துடிப்பையும் அளக்கிறது. எட்டுக் கால் உள்ள சின்ன மைக்ரோ கன்ட்ரோலர் ஒன்றே இதற்குப் போதும். துடிப்பு வரவில்லை, அல்லது 1-க்கும் 2-க்கும் வெளியே ஏறுமாறாக வருகிறது என்றால், ஒரு சிறு அவகாசம் பார்த்துவிட்டு, நாம் முன்கூட்டியே சொல்லி வைத்த "நில்" துடிப்பைத் தானே சர்வோவுக்கு அனுப்பும். பேட்டரி வோல்ட்டேஜ் இறங்குவதையும் கவனித்து, முழுக்கத் தீருமுன்பே திராட்டிலை மூடும் வகையும் உண்டு. இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் பலவற்றில் இந்த வசதி ரிசீவருக்குள்ளேயே வந்துவிட்டது. இந்த அலைவரிசையைக் குறைந்த சக்தியில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த இந்தியாவில் 2005-இல் அனுமதி கிடைத்தது. ஈ.எஸ்.சி.க்களும் பெரும்பாலும் துடிப்பு நின்றால் மோட்டாரை நிறுத்தும்.

பரீட்சையில் முதல் மூன்று பழுதையும் இது பிடித்துவிடும். ஸ்பிரிங்கால் கனவிலும் முடியாத காரியம். ஆனால் நாலாவது பழுதில், கம்பி கழன்றபிறகு சர்வோவுக்கு எவ்வளவு சரியான கட்டளை கொடுத்தும் பயனில்லை. ஐந்தாவதில் தண்ணீர் பட்டால் கட்டளை கொடுக்கிறவரே போய்விடுவார். ஆறாவதில், ஷார்ட் ஆன டிரான்சிஸ்டர் யார் பேச்சையும் கேட்காது.

இன்னொரு முக்கியமான விஷயம், செட்டிங். நண்பர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்கவும்.

முதலாவது, சில ரிசீவர்களில் சிக்னல் போனால் "கடைசி நிலையைப் பிடித்துக்கொள்" என்கிற முறை இருக்கும். ஒரு நொடி சிக்னல் விட்டு வருகிற விமானத்துக்கு அது நல்லது. படகுக்கு அது ஃபெயில்-சேஃபே அல்ல, சனியனைப் பிடித்து வைத்துக்கொள்வது.

இரண்டாவது, பல செட்டுகளில் ரிசீவரை டிரான்ஸ்மிட்டரோடு இணைக்கும் நேரத்தில் குச்சி எங்கே இருக்கிறதோ, அதுவே ஃபெயில்-சேஃப் நிலையாகப் பதிவாகும். குச்சி பாதியில் இருந்தால், சிக்னல் போனதும் படகு பாதி வேகத்தில் போகும். ஒழுங்காக, கட்டளைப்படி, பாதி வேகத்தில்!

மூன்றாவதுதான் பெரிய பொறி. விமானத்தில் குச்சியைக் கீழே இறக்கினால் என்ஜின் நிற்கும். முன்னும் பின்னும் போகிற ஈ.எஸ்.சி. வைத்த படகில் குச்சி கீழே என்றால் முழு வேகத்தில் ரிவர்ஸ்! விமானக்காரர்கள் எழுதியதைப் பார்த்து 1 மில்லி விநாடியில் ஃபெயில்-சேஃப் வைத்தால், சிக்னல் போனதும் படகு பின்பக்கமாகப் பாய்ந்து வரும். நம் படகுக்கு நடு நிலை, அதாவது 1.5-தான் "நில்". பாய்மரப் படகென்றால் கதையே வேறு. அங்கே பாயின் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். "பாதுகாப்பான நிலை எது" என்பதை எந்த ஐ.சி.யும் தானாகக் கண்டுபிடிக்காது. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் நாம்தான்.

அவகாசக் கணக்கையும் மறக்கக் கூடாது. சர்க்யூட் 1 விநாடி பொறுத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது என்றால், நம்முடைய 30 கிலோமீட்டர் வேகப் படகு அதற்குள் 8 மீட்டர் போயிருக்கும். அரை விநாடி என்றால் 4 மீட்டர். அவகாசமே கொடுக்காவிட்டாலோ, சின்னச் சின்ன குறுக்கீட்டுக்கெல்லாம் படகு விக்கி விக்கிப் போகும்.

எங்கள் அறையில் இந்த வாதம் இப்படித்தான் போகும்:

"டேய் மாப்ள, உன் ஸ்பிரிங் துருப் பிடிச்சு ஒடஞ்சா என்னடா பண்ணுவ?"

"உன் ஐ.சி. நனைஞ்சா நீ என்னடா பண்ணுவ?"

இரண்டு பேர் கேள்வியும் நியாயமானது. இரண்டு பேரிடமும் பதில் இல்லை. பதில் கிடைத்தது பள்ளிபாளையத்தில், ஒரு தறிக் கொட்டகையில்.

தறி சொல்லும் தீர்ப்பு

பள்ளிபாளையத்தில் என் பெரியப்பா விசைத்தறி ஓட்டுகிறார். தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஊடை நூலைப் போடுகிறது என்பது நமக்குத் தெரியும். நடுவில் ஊடை அறுந்தாலோ, தார் தீர்ந்தாலோ தறி தானாக நிற்க வேண்டும், இல்லையென்றால் துணி பாழ். இதற்குச் சின்ன முள்கரண்டி மாதிரி ஒரு ஃபோர்க் இருக்கிறது. ஊடை நூல் இருந்தால் அது ஃபோர்க்கைத் தள்ளும், ஃபோர்க்கின் வால் மேலே தூக்கிக்கொள்ளும், அடியில் வரும் கொக்கியில் மாட்டாது, தறி ஓடும். நூல் இல்லையென்றால் ஃபோர்க்கைத் தள்ள ஆள் இல்லை. வால் கொக்கியில் மாட்டும், தறி நிற்கும்.

"ஊடை இருந்தாத்தான் கண்ணு தறிக்கு ஓட உத்தரவு" என்றார் பெரியப்பா. நாலே வார்த்தையில் பாடம் முடிந்தது.

நன்றாகக் கவனியுங்கள். "நூல் அறுந்துவிட்டது, நில்" என்று இங்கே யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு ஊடையும் வந்து "நான் இருக்கிறேன், ஓடு" என்று சொல்கிறது. அந்தச் சொல் வராவிட்டால் நிற்பதுதான் தறியின் இயல்பு.

இப்போது பாவு நூல் பக்கம் வாருங்கள். தானியங்கித் தறிகளில் ஒவ்வொரு பாவு இழையிலும் டிராப்பர் எனப்படும் மெல்லிய தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு விழும். இதில் இரண்டு வகை. மெக்கானிக்கல் வகையில், விழுந்த தகடு அசைந்துகொண்டிருக்கும் பல் பட்டைகளுக்கு நடுவே சிக்கி, அசைவைத் தடுத்துத் தறியை நிறுத்தும். மின்சார வகையில், விழுந்த தகடு இரண்டு மின்பட்டைகளைத் தொட்டு சர்க்யூட்டை மூடும், மின்காந்தம் இழுத்துத் தறியை நிறுத்தும். மின்சார வகை வேகமானது, மென்மையானது. ஆனால் பட்டையில் பஞ்சுத் தூசி படிந்தால்? ஒயர் ஒன்று அறுந்தால்? தகடு விழுந்தும் சர்க்யூட் மூடாது, தறி பாட்டுக்கு ஓடும். ஏனென்றால் இங்கே மின்சாரம் "நில்" என்று சொல்லப் பயன்படுகிறது. சொல்கிறவர் வாய் அடைத்துப் போனால் செய்தி வராது.

ஆக, உண்மையான பிரிவினை மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக் என்பதல்ல. நிற்பதற்குக் கட்டளை வேண்டுமா, ஓடுவதற்கு உத்தரவு வேண்டுமா என்பதே. முதல் வகையில் எந்தப் பழுதும் ஆபத்து. இரண்டாம் வகையில் பெரும்பாலான பழுதுகள் வெறும் தொந்தரவு, அவ்வளவுதான்.

மெக்கானிக்கல் என்பதற்காக எல்லாம் நல்லதாகிவிடாது என்பதற்கும் உதாரணம் உண்டு. பெரிய மோட்டார் படகுகளில் ஓட்டுகிறவர் மணிக்கட்டில் சிவப்புச் சுருள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொள்வார். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு கிளிப்பைப் பிடுங்கும், என்ஜின் நிற்கும். மிக அருமையான ஏற்பாடு, பல உயிர்களைக் காக்கிறது. ஆனால் பல அவுட்போர்டு என்ஜின்களில் அந்தக் கிளிப் செய்யும் வேலை, இக்னிஷனை எர்த்தோடு இணைத்து அணைப்பது. அந்த எர்த் ஒயர் அறுந்திருந்தால் கிளிப்பைப் பிடுங்கினாலும் என்ஜின் ஓடும். அதனால்தான் புறப்படுமுன் ஒரு தடவை பிடுங்கிப் பார்த்துவிடு என்கிறார்கள்.

சர்க்யூட்டுக்கும் ஒரு ஊடை நூல்

அப்படியானால் எலெக்ட்ரானிக்ஸையும் தறி ஃபோர்க் மாதிரி வேலை செய்ய வைக்க முடியுமா? முடியும். ரயில்வே சிக்னல்காரர்கள் நெடுங்காலமாகச் செய்து வருவதுதான். அந்தக் காலத்துக் கை சிக்னலில் கம்பி அறுந்தால், எதிர் எடை கையைத் தானாக "நில்" நிலைக்குக் கொண்டுவரும். பிறகு ரிலே வந்தபோதும் அதே கொள்கைதான். காயிலுக்கு மின்சாரம் வந்தால்தான் பச்சை, போனால் சிவப்பு. சிக்னல் ரிலேக்களில் கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு பக்கம் உலோகமும் மறு பக்கம் கார்பனும் வைக்கும் வழக்கம் உண்டு.

நம் படகில் இதை இப்படிச் செய்யலாம். மோட்டார் ஒயரில் ஒரு ரிலே. காயிலுக்கு மின்சாரம் இருந்தால்தான் மோட்டார் சேரும், இல்லாவிட்டால் ரிலேயின் ஸ்பிரிங் பிரித்துவிடும். ஸ்பிரிங், பார்த்தீர்களா? எங்கள் கட்சி உள்ளே வந்துவிட்டது!

காயிலை மைக்ரோ கன்ட்ரோலர் நேராக ஓட்டினால், புரோகிராம் தொங்கிப் போகும்போது அதன் கால் "ஆன்" நிலையிலேயே நின்றுவிடலாம். ரிலே பிடித்தபடியே இருக்கும். ஆகவே நடுவில் ஒரு டயோட் பம்ப். கன்ட்ரோலரின் காலிலிருந்து ஒரு கண்டென்சர், அடுத்து இரண்டு டயோட், அடுத்து இன்னொரு கண்டென்சர். கால் மேலும் கீழும் மாறி மாறி ஆடினால்தான் முதல் கண்டென்சர் வழியாக மின்னூட்டம் போய் இரண்டாவது கண்டென்சர் நிரம்பும், ரிலே பிடிக்கும். கால் மேலேயே நின்றாலும் சரி, கீழேயே நின்றாலும் சரி, எதுவும் கடந்து போகாது. நிரம்பியது வடிந்ததும் ரிலே விட்டுவிடும். புரோகிராம் எழுதும்போது ஒரே ஒரு கண்டிஷன்: ரிசீவரிலிருந்து ஒவ்வொரு நல்ல துடிப்பும் வந்து அளந்து முடித்தபிறகுதான் கால் ஒரு தடவை ஆட வேண்டும். டைமர் தானாக ஆட்டும்படி எழுதினால், புரோகிராம் செத்தபிறகும் டைமர் ஆட்டிக்கொண்டிருக்கும். செத்தவன் கையை ஆட்டினால் உயிரோடு இருக்கிறான் என்று நம்பிவிடுவோம்.

துடிப்பு விநாடிக்கு 50 தான், ஆகவே இரண்டாவது கண்டென்சர் ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் நடுவே ரிலேயை விடாமல் பிடித்து வைக்கும் அளவும், துடிப்பு நின்றால் அரை விநாடிக்குள் வடியும் அளவும் இருக்க வேண்டும். இதை பிரெட் போர்டில் போட்டுப் பார்த்துப் பழகலாம். ஒவ்வொரு துடிப்பும் ஓர் ஊடை நூல். வந்தால் ஓட உத்தரவு, வராவிட்டால் நிற்பது இயல்பு.

சில எச்சரிக்கைகள். இது சின்ன பிரஷ் மோட்டார் படகுக்குச் சரி. டி.சி. மின்சாரத்தைப் பிரிக்கும்போது பொறி எழும், ஆகவே மோட்டாரின் அதிகபட்ச ஆம்பியருக்குத் தகுந்த ரிலே வேண்டும். பெரிய லித்தியம் பேட்டரி பந்தயப் படகுகளின் ஆம்பியருக்கு இது தாங்காது. அங்கே ஈ.எஸ்.சி.யின் சொந்த ஃபெயில்-சேஃபும், பிடுங்கு லூப்பும்தான் துணை. ரிலேயை ஈ.எஸ்.சி.க்கும் மோட்டாருக்கும் நடுவே வையுங்கள். பேட்டரிப் பக்கம் வைத்தால், ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்குப் போகும் மின்சாரமும் சேர்ந்து அறுந்து, சுக்கானைத் திருப்பவும் வழியில்லாமல் போகும். மோட்டார்ப் பக்கம் வைத்தால் ஆறாவது பழுதையும், அதாவது டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆவதையும், இது பிடித்துவிடும்: கரையிலிருந்து டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் போதும், படகு நிற்கும். ஆனால் டயோட் பம்ப் ஒரு டிரான்சிஸ்டர் மூலம் காயிலை இயக்கினால், அந்த டிரான்சிஸ்டரே ஷார்ட் ஆகலாம். ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளவும் கூடும். நூற்றுக்கு நூறு என்பது எந்த அமைப்பிலும் இல்லை. ஆகவேதான் ஒன்றின் அடியில் இன்னொன்று வேண்டும்.

லாரிக்காரர்களைப் பாருங்கள். 2015 முதல் புதிய கனரக வாகனங்களில் ஏ.பி.எஸ். கட்டாயமாகி வந்தது. அந்த எலெக்ட்ரானிக்ஸ் பழுதானால் டாஷ்போர்டில் விளக்கு எரியும், பிரேக் பழைய ஏர் பிரேக்காகவே வேலை செய்யும். காற்றும் போனால் ஸ்பிரிங் பிடிக்கும். மேலே மூளை, நடுவில் காற்று, அடியில் எஃகு. மூளை வந்ததற்காக எஃகைக் கழற்றி எறியவில்லை.

தண்ணீரில் விடுமுன்

நம் கல்லூரியில் யார் மாடல் படகு செய்தாலும், ப்ராஜெக்ட் ஆனாலும் பொழுதுபோக்கானாலும், தண்ணீரில் விடுமுன் கரையிலேயே இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். படகை ஸ்டாண்டில் வைத்து, புரொப்பெல்லர் பக்கம் கையோ துணியோ இல்லாமல் பார்த்துக்கொள்ளவும்.

1. பாதி வேகத்தில் ஓட விட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். எத்தனை நொடியில் நிற்கிறது என்று வாட்ச் வைத்துப் பாருங்கள். ரிவர்ஸ் போகிறதா என்றும் பாருங்கள்.
2. திரும்ப டிரான்ஸ்மிட்டரைப் போடுங்கள். குச்சியை நடுவுக்குக் கொண்டுவராமலே மோட்டார் தானாகப் பாய்ந்தால் அதுவும் ஆபத்துதான்.
3. ஆயில் என்ஜின் படகானால், என்ஜினை அணைத்துவிட்டுக் கம்பியைக் கையால் கழற்றுங்கள். ஸ்பிரிங் திராட்டிலை முழுக்க மூடுகிறதா?
4. பிடுங்கு லூப் ஈரக் கையோடு பிடுங்க வருகிறதா?
5. ரிசீவரின் ஆன்டெனா தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது. ஃபெயில்-சேஃப் வேலை செய்ய வேண்டிய அவசியமே வராமலிருப்பதுதான் நல்லது.
6. சிக்னல் போனால் சுக்கானைச் சற்றே ஒரு பக்கம் திருப்பி வையுங்கள். மோட்டார் நிற்காவிட்டாலும் படகு ஒரே இடத்தில் வட்டமடிக்கும், நேராகப் போய் ஆள் மேல் ஏறாது.

போன வாரம் சோதித்தது இந்த வாரத்துக்குச் செல்லாது. ஒவ்வொரு தடவையும் சோதிக்க வேண்டும். ஃபெயில்-சேஃப் என்பது வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் காவல்காரன். தூங்குகிறானா விழித்திருக்கிறானா என்பது தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

நண்பர்களே, நாம் படித்து முடித்துப் போகப் போவது மில்லுக்கும், ஃபவுண்டரிக்கும், லாரி பட்டறைக்கும், சர்க்கரை ஆலைக்கும். அங்கே மாட்டும் ஒவ்வொரு சுவிட்ச்சிலும், வால்விலும், ரிலேயிலும் இந்தக் கேள்வி நமக்காகக் காத்திருக்கிறது: இதன் ஒயர் அறுந்தால் இயந்திரம் எந்தப் பக்கம் போகும்? பக்கத்தில் நிற்கிறவருக்கு டிராயிங் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அவர் விரல்கள் நம் டிராயிங்கை நம்பித்தான் இருக்கின்றன. மெக்கானிக்கல் மாணவர்கள் ஒரு ரிலே சர்க்யூட் போடப் பழகுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் ஒரு தறிக் கொட்டகைக்குப் போய் அரை மணி நேரம் ஃபோர்க்கைப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து செய்தால், நம் படகு நல்லபடியாக ஓடும். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவும் செய்யும்.

வாழ்க மாணவர் ஒற்றுமை!